மைக்குக்குள் போன பேச்சு

மைக்கில் பேசுகிற பேச்சு சில சமயம் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு. சின்னப் பிள்ளைதானே என்று நீங்கள் பெருந்தன்மையாக விட்டுவிடலாம். விடாதீர்கள். என் அப்பா சங்கரன்கோவிலில் ரேடியோ செட் கடை வைத்திருந்தவர். எங்கள் பக்கம் மைக் செட்டுக்கு அதுதான் பெயர். குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே பாய் விரித்துத் தூங்கி வளர்ந்தவன், பேச்சு அதற்குள் போய்ச் சளி மாதிரி கட்டிக்கொள்ளும் என்று நம்பினான். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. அந்த வருஷத்து ஆடித் தபசுத் திருவிழா வரைக்கும்.

இப்போது இதை எழுத வைத்தவள் என் மகள். போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி. பிள்ளைகள் தாங்களே எழுதியதை, தங்கள் பேச்சிலேயே, தாளைப் பார்க்காமல் மேடையில் நின்று சொல்ல வேண்டும். 'ஸ்போக்கன் வேர்ட்' என்று பெயராம்.

"நீங்களும் வாங்கப்பா. ஒங்களப் பத்தியும் ரெண்டு வரி வருது" என்றாள்.

"என்ன வரி?"

"அங்க வந்து கேளுங்க."

அன்றைக்கு எனக்கு மோர்க்குழம்பு இறங்கவில்லை. ஐம்பதை நெருங்கும் ஆள், சர்க்கரை மாத்திரை போடுகிறவன், நிகழ்ச்சிக்கு முதல் ஆளாகப் போய் மேடையில் இருந்த மைக்கை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அதற்கு வயரே இல்லை. பேச்சு எந்த வழியாகப் போகிறது என்று பிடிபடாமல் கீழே வந்து உட்கார்ந்துகொண்டேன். நல்லவேளை, அந்த இரண்டு வரியும் என் குறட்டையைப் பற்றியது. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், தப்பித்த சிரிப்பு.

பக்கத்தில் இருந்த ஒருவர், "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது" என்றார். இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைக் கொண்டுவந்தவர் டிரில் சார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே தமிழ் ஐயா சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இலக்கிய மன்றம். அதை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே, டிரில் சார் தலையில் கட்டினார்கள். அவர் எங்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். கழுத்தில் விசில், மடியில் பேண்டு வாத்திய டிரம்.

"ஏலே, எனக்கு எதுகையும் தெரியாது மோனையும் தெரியாது. லெஃப்ட் ரைட் தெரியும். நான் டிரம் அடிக்கேன், அதுக்குத் தக்கன ஆளுக்கு நாலு வரி சொல்லணும். பொஸ்தகத்துல உள்ளதச் சொல்லக்கூடாது. நீங்க தப்பாச் சொன்னாலும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஒங்க வீட்டுல நடக்கதச் சொல்லுங்க, அத நீங்க தப்பாச் சொல்ல முடியாதுல்லா. நடுவுல நிறுத்துனா கிரவுண்டு ஒரு சுத்து."

அவ்வளவுதான் பாடத்திட்டம். முதல் வாரம் பாதி வகுப்பு கிரவுண்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரத்தில் எவனும் ஓடவில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன் ஒருவன், வாயைத் திறந்தாலே திக்குகிறவன், டிரம்முக்குத் திக்கவே இல்லை:

எங்க அண்ணன் டவுசரு
எனக்கு வந்த டவுசரு
பைக்குள்ள கைய விட்டா
மொழங்காலு தட்டுது.

அதைச் சொல்லும்போது அவன் பைக்குள் கையை விட்டு முழங்காலையும் காட்டினான். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, பவர்லூம் சத்தத்தில் அவள் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதைச் சொன்னாள். அம்மாவிடம் ரகசியமே சொல்ல முடியாது, சொன்னால் தெருவுக்கே கேட்கும் என்று முடித்தாள். சிரித்தோம். அவளும் சிரித்தாள். டிரில் சார் மட்டும் டிரம்மைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நான் வாராவாரம் கொசுவைப் பற்றிச் சொன்னேன். கொசு கடித்தது, கொசு பாடியது, கொசு செத்தது. எங்கள் வீட்டில் கொசு ஒன்றைத்தான் வெளியே சொல்ல முடியும்.

விஷயம் இதுதான். அந்த வைகாசியில் மேலநீலிதநல்லூரில் என் மாமா கல்யாணம். அம்மாவின் தம்பி. அப்பா மச்சானுக்காகச் செட் மொத்தத்தையும் கொண்டுபோய் வீடு முழுக்கக் குழாய் கட்டினார். முதல் பந்தியில் அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிய மாப்பிள்ளைமார்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து அழைத்து உட்கார வைத்தார்கள். அப்பாவைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். ரெக்கார்டு மாற்றிக்கொண்டிருந்த ஆள் வீட்டு மாப்பிள்ளை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் ரெக்கார்டைப் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் சாப்பிடாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். பாட்டு நின்ற பிறகுதான் அவர் போனதே தெரிந்தது. அம்மாவுக்கு அண்ணன் தம்பிகள் முன்னால் அவமானம். அப்பாவுக்கு உலகத்தின் முன்னாலேயே அவமானம். அதிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பேசிக்கொள்ளவில்லை என்றால் பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. என் வழியாகப் போனது.

"ஏலே, ஒங்கப்பாட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு."

அப்பா அடுத்த அறையில்தான் இருப்பார். கதவுகூடக் கிடையாது, ஒரு சேலைத் திரை. அவருக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் எழுந்து போய், "அப்பா, சோறு ஆறுதாம்" என்று சொன்னால்தான் அது அவருக்கு வந்துசேர்ந்ததாகக் கணக்கு.

"பசிக்கலன்னு சொல்லு."

"அம்மா, பசிக்கலயாம்."

"அவுகளுக்குப் பந்தி வச்சுக் கூப்புட்டாத்தான் பசிக்கும்னு சொல்லு."

இந்த மாதிரி இடங்களில் நான் கொஞ்சம் வெட்டுவேன். திரையைத் தாண்டி வந்து, "அம்மா சாப்புடக் கூப்புடுதா" என்று மட்டும் சொல்வேன். அப்பா என்னைப் பார்ப்பார். முழுதும் அவர் காதில் விழுந்திருக்கும். நான் வெட்டியதும் அவருக்குத் தெரியும். ஒரு தடவை துணிந்து சொந்தச் சரக்கும் கலந்தேன். "அம்மா, கொழம்பு நல்லாருக்குன்னு அப்பா சொன்னாவ."

"அந்த வாயிலயா? பொய் சொல்லாதல."

தெருவுக்கு இது தெரியாது. தெரியக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா, "இந்தா வருதாவ" என்று உள்ளே பார்த்துச் சிரிப்பாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சிரிப்பார். வந்தவர் போனதும் இரண்டு சிரிப்பும் அவரவர் அறைக்குப் போய்விடும்.

ஆடி பிறந்தது. பள்ளிக்கூடத்தில் புதுத் தண்ணீர்த் தொட்டி திறப்பு விழா. தொட்டி கட்டிக் கொடுத்த பூ கமிஷன் கடை முதலாளி தலைமை. ரேடியோ செட் எங்களுடையது. அப்பா காலையிலேயே வந்து பின்பக்கத்துக் கிரவுண்டில் இரண்டு குழாயும், கட்டடத்துக்கு முன்னால் வாசல் வேப்பமரத்தில் தெருவைப் பார்த்து ஒன்றும் கட்டினார். ஆம்ப்ளிஃபயரை மேடையில் வைத்து, எந்தத் திருகை எப்படித் திருக வேண்டும் என்று டிரில் சாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தபசுக்குக் குழாய் கட்ட அடுத்த தெருவான ரத வீதிக்குப் போய்விட்டார்.

டிரில் சார் தன் இலக்கிய மன்றத்திலிருந்து ஐந்து பேரை மேடை ஏற்றினார். நான் நாலாவது. கொசுவைத்தான் தயாராக வைத்திருந்தேன். மூன்று பேர் சொல்லி முடித்ததும், நடுவே கையில் சலங்கைக் கட்டையோடு ஆடுகிற லெசிம் ஆட்டம் நடந்தது. அந்தப் பையன்கள் ஆடி முடித்து வரிசையாக இறங்கும்போது எவன் காலோ வயரை இழுத்துவிட்டது. கிரவுண்டுக் குழாய் இரண்டும் செத்துப்போயின. நான் மைக் முன்னால் நிற்கிறேன். 'கொசு' என்றேன். என் குரல் எனக்கே வீட்டுக் குரலாகக் கேட்டது. டிரில் சார் கவனிக்கவில்லை, டிரம்மை ஆரம்பித்துவிட்டார். நிறுத்தினால் கிரவுண்டு ஒரு சுற்று.

யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததும் எனக்குள் என்னவோ அவிழ்ந்தது. மைக்கின் வாயோடு வாய் வைத்து, கொசுவை விட்டுவிட்டு, இதைச் சொன்னேன்:

எங்க வீட்டுல ரெண்டு ஊரு
நடுவுல ஓடுத பஸ்ஸு நானு.
சோறு ஆறுதுன்னு சொல்லுலே
பசிக்கலன்னு சொல்லுலே
உப்பு கொறச்சல்னு சொல்லுலே
நாக்கு நீளம்னு சொல்லுலே
சொல்லுலே சொல்லுலே சொல்லுலே சொல்லுலே
எனக்கும் ஒண்ணு சொல்லணும்
அத யாரு கொண்டு போவா?

முடித்தேன். மேடையில் இருந்தவர்களுக்கும் முதல் இரண்டு வரிசைக்கும் வெறும் காதிலேயே கேட்டிருந்தது. முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "குடும்பக் காமெடி நல்லா எழுதிக் குடுத்திருக்கேரு வே" என்று டிரில் சாரைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு. ஹெட்மாஸ்டர் பெரிய சார் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வீட்டுக் குப்பையக் கொண்டாந்து மேடையில கொட்டுதியே, இதுவா கவித?" என்றார். ஒருவர் அதைத் தமாஷ் என்றார், ஒருவர் குப்பை என்றார். இரண்டு பேரும் மரியாதைப்பட்டவர்கள். அதனால் இரண்டையும் நான் நம்பினேன். தமாஷ் என்று சொன்னதற்கு டம்ளர் கிடைத்ததால் தமாஷ் எழுதுகிற தொழிலிலேயே நிலைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டம்ளரோடு இறங்கும்போதுதான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த பையன் மைக் அருகே தொண்டையைச் செருமினான். கண்ணாடிக்குள் சத்தத்தை அளக்கிற ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது.

குழாய்தான் செத்திருக்கிறது. பெட்டி உயிரோடு இருக்கிறது. அப்படியானால் நான் பேசியது உள்ளே போயிருக்கிறது. வெளியே வரவில்லை. போனது வராவிட்டால் எங்கே இருக்கும்?

நான் தவழ்ந்த காலத்திலிருந்து அப்பா எனக்குச் சொன்ன ஒரே தொழில் ரகசியம் இது: "மைக்ல கண்டதையும் பேசாதல, உள்ள போயி அடச்சுக்கிடும்." எச்சில் தெறிக்காமல் இருக்கச் சொன்னது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அது சத்தியம். யாரோ வயரை முடிந்து குழாய்க்கு உயிர் கொடுத்தார்கள். என் பேச்சு முதலில் வந்து கொட்டப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். வரவில்லை. கடைசிப் பையன் பேச்சுத்தான் வந்தது. அதாவது என்னுடையது இன்னும் ஆழத்தில் இறங்கிவிட்டது. தபசன்றைக்கு ஊர் முழுக்கக் குழாய் கட்டி, அப்பா திருகை முழுசாகத் திறப்பார். அப்போது வரும். நாலா திசையிலிருந்தும் வந்திருக்கிற சனங்களுக்கு முன்னால், அம்பாள் சன்னதி வாசலில், 'சோறு ஆறுதுன்னு சொல்லுலே' என்று வரும். தெருவுக்கே தெரியக் கூடாத விஷயம். அம்மா எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? அப்பா இன்னொரு தடவை செட்டைக் கழற்றிக்கொண்டு போனால் எந்த ஊருக்குப் போவார்?

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வீடும் மாறியிருந்தது. எனக்கு வேலையே வரவில்லை. அம்மா அரிவாள்மனையைப் பார்த்து, "சோறு வச்சாச்சு" என்றாள். அப்பா பழைய குழாயின் யூனிட் ஒன்றைக் கழற்றிக்கொண்டே அந்த யூனிட்டிடம், "வாரேன், வாரேன்" என்றார். மறுநாளும் அப்படித்தான். அம்மா அம்மிக்குச் சொல்வாள், அப்பா ஸ்குரூ டிரைவருக்குப் பதில் சொல்வார். நடுவே நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சண்டை முற்றி, என்னையும் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இனி எந்த நேரமும் வீடு இரண்டாகலாம். அதற்குள் அந்தப் பேச்சை வெளியே எடுத்தாக வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு செத்த கரப்பான்பூச்சி விழுந்தது. வயர் மாட்டாத மைக்கில் பதினாறாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், பழைய பேச்சை அடியில் அமுக்கிவிடலாம் என்று. திருப்தி இல்லை. கடைசியில் கரிவலம்வந்தநல்லூர்க் கூட்டாளி ஒருவனிடம் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுச் சங்கதியை விட்டுவிட்டு, மைக் சங்கதியை மட்டும். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"கோயில் உள்ள ஊருல இருந்துக்கிட்டு எங்கிட்ட வந்து கேக்கியே. உள்ள தங்குன எதுக்கும் ஒங்க கோயில் புத்துமண்ணுதாம்ல மருந்து. எங்க சித்தி வயித்துல கட்டி இருந்துச்சு, கரைச்சுக் குடிச்சா, போயிட்டு."

"மைக்குக்கு வயிறு ஏதுல?"

"வாய் இருக்குல்லா?"

கோயிலில் புற்றுமண் வாங்கி வந்தேன். கரைத்து ஊற்றுவதா, பூசுவதா என்று குழப்பம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தேன். அப்பாவின் நல்ல மைக். முன்பக்கத்து வலையில் கண்ணுக்குக் கண் அடைத்து, துணியால் துடைத்து, அம்பாளைக் கும்பிட்டு, பெட்டியில் வைத்தேன்.

தபசு நாள். உங்களுக்கு அந்தக் கூட்டத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பருத்தியும் வத்தலும் மடியில் கட்டிக்கொண்டு சப்பரத்தில் எறிய நிற்கிற சம்சாரிகள், வெயிலில் கொதிக்கிற தார் ரோடு, ரத வீதி முழுக்க எங்கள் குழாய். அப்பா தென்னங்கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்ல வேண்டியவர். சிவப்புக் கவுன் போட்ட ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து மேசைமேல் உட்கார வைத்திருந்தார்கள். அது ஓவென்று அழுதுகொண்டிருந்தது. அப்பா பெட்டியிலிருந்து நல்ல மைக்கை எடுத்தார்.

நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

அப்பா பேசினார். குழாயிலிருந்து வந்தது, வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு யாரோ பேசுகிற சத்தம். தட்டினார். இன்னும் மோசம். அப்புறம் அதுவும் இல்லை. மைக்கின் மூக்கைத் திருகிக் கழற்றினார். மண், பொலபொலவென்று என் தலையில் விழுந்தது.

"என்னது இது? புத்துமண்ணுல்லா?" குனிந்து பார்த்தார். "வெளிய வால."

வந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா தூக்குவாளியோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். வழக்கமாக நான் கொண்டு போகிற வாளி. நான் அழ ஆரம்பித்தேன். சிவப்புக் கவுன் பிள்ளை, தன்னைவிடப் பெரிய ஆள் அழுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டித் திறப்பு, குழாய் செத்தது, ஊசி ஆடியது, உள்ளே போனது. "இப்ப வந்துரும்பா, எல்லாருக்கும் கேட்டுரும்பா. திருகாதீங்கப்பா."

அப்பா மைக்கைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. கொட்டகையின் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது உள்ள போகல. உள்ள இருந்த ரெண்டு கொழா வயருதான் அந்துச்சு. வாசக் கொழாய்க்கு வேற வயரு. அது நல்லாத்தான் பேசுச்சு. நான் ரத வீதியில ஏணிமேல நின்னேன். முழுசும் கேட்டுச்சு."

அம்மா வாளியைப் பார்த்துக்கொண்டு என்னிடம், "எனக்கும் கேட்டுச்சுன்னு சொல்..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குழாய் எல்லாம் செத்துக் கிடந்ததால் ரத வீதி வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அம்மா பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எங்கன வச்சுக் கேட்டுச்சு?"

"அடிபம்புல. கொடம் நெறஞ்சு வழிஞ்சு போச்சு, பாக்கவேயில்ல."

"ம்."

"பழைய மைக்கு பரண்ல கெடக்கு. எடுத்துட்டு வரட்டா?"

"கூட்டத்துல நீ போவ வேண்டாம். நான் போறேன். இந்தப் பிள்ளையப் பாத்துக்கோ."

அப்பா பழைய மைக்கைக் கொண்டுவந்தார். சிவப்புக் கவுன் பிள்ளையின் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அம்பாளின் தவத்துக்குச் சாமி காட்சி கொடுத்தபோது கூட்டத்தில் எங்கள் மூன்று பேருக்குமே ஒன்றும் தெரியவில்லை. நல்ல மைக் பிழைக்கவில்லை.

அந்த வாரமே மேலநீலிதநல்லூர்க் கல்யாணச் சண்டையை இரண்டு பேரும் முதலிலிருந்து தொடங்கினார்கள், இந்தத் தடவை நேருக்கு நேர். கார்த்திகை வரைக்கும் போட்டார்கள். என்னை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை.